ஒன்றரைக் கட்டைக்கு என்ன விலை?

சுருதி ஆப்பில் விளம்பரம் போட்டுப் பிழைக்க முடியாது. அதை வாங்கியவர் அதைப் பார்ப்பதே இல்லை என்பதுதான் காரணம். கட்டையை, அதாவது தான் பாடும் சுருதியின் உயரத்தை, வைப்பார், தம்பூராவை ஓடவிடுவார், போனை ஓரமாகக் கவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஸட்ஜத்தைப் பிடிப்பார். அடுத்த முக்கால் மணி நேரம் திரை இருட்டாகவே கிடக்கும். விளம்பரம் கொடுக்கிறவருக்கு வேண்டியது கண். இங்கே வேலை செய்வதோ காது. சரி, காதிலேயே விளம்பரத்தை விடலாம் என்றால், மாயாமாளவகௌளைக்கு நடுவே சலவைத்தூள் பாட்டு வரும். அன்றைக்கே ஒற்றை நட்சத்திரம் விழும். ஆப்பும் போனைவிட்டுப் போகும்.

ஆக, பணம் கேட்டே தீர வேண்டும். யாரிடம், எவ்வளவு, எந்த வகையில் என்பதில்தான் பெங்களூரில் தனியாளாக இசை ஆப் எழுதுகிறவர் மாட்டிக்கொள்கிறார். பகலில் ஒயிட்ஃபீல்டிலோ வெளிவட்டச் சாலையிலோ அலுவலகம்; சனி, ஞாயிறில் பாட்டு வகுப்பு. தன் சாதகத்துக்கென்று எழுதிக்கொண்டது நன்றாக அமைந்துவிடுகிறது. கூடப் படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். ஸ்டோரில் ஏற்றினால் என்ன என்று தோன்றுகிறது. விலை என்று ஒரு கட்டம் வரும்வரை எல்லாம் சுகமாகவே போகும்.

அந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: பயந்துபோய் 99 ரூபாய் என்று போடுவது. அது தவறு, 499 கேட்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

எச்.ஏ.எல். பொறியாளரின் பெட்டி

இந்த ஊருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஸ்மார்ட்போனுக்குக் கிட்டத்தட்ட 30 வருஷம் முன்பே இதைச் சந்தித்தவர் ஜி. ராஜ் நாராயண். ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் (எச்.ஏ.எல்.) பொறியாளர், புல்லாங்குழல் வாசிப்பவர். அப்போது சுருதிக்கு இரண்டே வழி. ஒன்று தம்பூரா, அதை மீட்ட ஓர் ஆள் உட்கார வேண்டும். மற்றது துருத்தி வைத்த சுருதிப் பெட்டி. அதை அமுக்கவும் ஒரு கை வேண்டும். தனியாகச் சாதகம் செய்கிறவருக்கு, அதுவும் இரண்டு கையும் குழலில் இருக்கிறவருக்கு, இரண்டுமே தோது இல்லை. மின்னணுச் சுருதிப் பெட்டி அங்கிருந்து பிறந்தது. 1979இல் அவருடைய ராடெல் நிறுவனம் தொடங்கியது. பின்னால் 'ராகினி' தம்பூரா, 'தால்மாலா' தபலா, 'டாலோமீட்டர்' தாளப்பெட்டி என்று வரிசையாக வந்தன. இன்று கச்சேரி மேடையில் இப்படிப்பட்ட ஒரு பெட்டி இல்லாவிட்டால்தான் நாம் திரும்பிப் பார்ப்போம்.

இது ஏன் பெங்களூரில் நடந்தது? எச்.ஏ.எல்., பெல், ஐ.டி.ஐ. என்று பொதுத்துறை ஆலைகள் சுற்றிலும். ட்ரான்சிஸ்டரும் மின்தேக்கியும் சில்லறையில் கிடைக்கும் எஸ்.பி. ரோடு. அதற்கு நடை தூரத்தில் வாத்தியக் கடைகள் வரிசைகட்டிய பளேபேட்டை. 1905 முதல் இயங்கும் கான சமாஜம், சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிக் கச்சேரிகள். ஆலையில் வேலை செய்த பொறியாளர்தான் மாலையில் சபாவில் பாய் தேடி உட்கார்ந்த ரசிகரும். கருவி செய்யத் தெரிந்தவரும் கருவி வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்த ஊர் இது.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அந்தப் பெட்டி மிக மோசமான சரக்கு. வாங்கக்கூடியவர்கள் சொற்பம். ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் கடைப் பக்கம் வரமாட்டார்கள். ஆனாலும் அது மலிவாக விற்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை. வாங்குகிறவர் அதை ஒப்பிட்டது டிரான்சிஸ்டர் ரேடியோவோடு அல்ல, தம்பூராவோடும் தம்பூரா போடும் ஆளோடும். தனியாக விளம்பரமும் தேவைப்படவில்லை. வித்வானின் முழங்காலுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் அந்தப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சபாவில் இருந்த ஒவ்வொரு பாட்டு வாத்தியாரும் அதைப் பார்த்தார். வேறென்ன வேண்டும்?

ஆப் எழுதுகிறவர் இழந்தது இந்த இரண்டையும்தான். ஆப் மேடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு போன் கிடக்கிறது, அவ்வளவே. அதைவிட முக்கியம், ஒப்பீடு மாறிவிட்டது.

உலகத்துப் பாட்டெல்லாம் நூற்றுச் சொச்சம் ரூபாய்

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலை 10 அன்று 500 ஆப்களோடு திறந்தது. அடுத்த மாதமே 'நான் பணக்காரன்' என்ற பொருளில் பெயர் வைத்த ஓர் ஆப் 999.99 டாலருக்கு வந்தது. திரையில் ஒரு சிவப்புக் கல் மின்னும், அவ்வளவுதான். எட்டுப் பேர் வாங்கினார்கள். ஒரு நாளுக்குள் ஆப்பிள் தூக்கிவிட்டது. அந்தக் கூத்தைத் தள்ளிவைத்தால், மற்றவர்கள் எல்லோரும் எதிர்த் திசையில்தான் ஓடினார்கள். பட்டியலில் மேலே வரவேண்டும் என்று ஆளாளுக்கு விலையைக் குறைத்து 99 சென்ட்டில் வந்து நின்றார்கள். இந்தியாவுக்கென்று கூகுள் 2015இல் குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு இறக்கியது. அப்புறம் ஸ்பாட்டிஃபை 2019இல் வந்தது. 2024இல் தனிநபர் சந்தா அமெரிக்காவில் மாதம் 11.99 டாலர், இங்கே 119 ரூபாய், கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு.

இதையெல்லாம் பார்த்துப் பழகியவர் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலகத்துப் பாட்டு முழுவதும் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஒரே ஒரு 'ஸா'வுக்கு 499 ரூபாயா? போதாக்குறைக்கு யூடியூபில் ஒவ்வொரு கட்டைக்கும் மணிக்கணக்கில் ஓடும் தம்பூரா ஓசியில் கிடைக்கிறது.

'இரண்டு மசால் தோசை விலைதான்' என்று சிலர் இதற்குப் பதில் எழுதிப் பார்க்கிறார்கள். எடுபடுவதில்லை. பக்கத்துக் கடையில் தோசை ஓசியில் கிடைத்தால் சி.டி.ஆர். ஹோட்டல் வாசலில் யார் வரிசையில் நிற்பார்கள்?

பதில் வேறு இடத்தில் இருக்கிறது. யூடியூப் தம்பூரா ஓட இணையம் வேண்டும். சந்தா இல்லாவிட்டால் திரையை அணைக்க முடியாது. இடையில் விளம்பரம் வரும். இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், அது நகராது. நம் சுருதி சரியாக ஒன்றரைக் கட்டையில் நிற்பதில்லை. தொண்டை கட்டிய அன்று ஒரு மயிரிழை கீழே. மிருதங்கத்தின் வலந்தலை ஒரு மயிரிழை மேலே. பழைய ஒலிப்பதிவோடு சேர்ந்து பாடிப் பழகுகிறவருக்கோ, அந்த நாடா ஓடிய வேகத்தால் இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கோ. அந்த மயிரிழையை விரலால் நகர்த்திச் சேர்க்க முடிகிறதே, அதற்குத்தான் விலை. அது தேவைப்படாதவர் வாங்க வேண்டாம். அவரைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

நூல் துண்டு, 69 ஹெர்ட்ஸ்

அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நல்ல சுருதி ஆப்பில் ஒலிப்பது நிஜத் தம்பூராவின் பதிவு. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு தந்தியையும் தனித்தனியாக மீட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் ஜீவா பிடிக்க வேண்டும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் துண்டைச் செருகி மெல்ல மெல்ல நகர்த்தினால், ஓர் இடத்தில் தந்தி சட்டென்று வாய்திறந்து ரீங்கரிக்கும். அரை மில்லிமீட்டர் தாண்டினால் ஊமையாகிவிடும். நான்கு தந்திக்கும் அந்த இடம் வேறு வேறு. அறையில் ஏ.சி. ஓடினால் பதிவில் இரைச்சல், ஏ.சி.யை நிறுத்தினால் சூட்டில் தந்தி இறங்கும்.

பதிவு ஆனபின் இன்னொரு தொல்லை. இரண்டு கட்டையில் பதிந்ததை மென்பொருளால் ஐந்தரைக்கு ஏற்றினால் தம்பூரா தகர டப்பாவாகிவிடும். ஆண் சுருதிக்கும் பெண் சுருதிக்கும் தம்பூராவே வேறு அளவு. அதனால் பல சுருதிகளில் பல பதிவுகள். அவற்றைச் சுற்றவிட்டால், ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருவதை நல்ல காது மூன்றாவது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். மனிதர் மீட்டும்போது இரண்டு மீட்டல் ஒன்றுபோல் இருப்பதில்லை. அந்த ஒழுங்கின்மையை நிரலில் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு முதல் விமர்சனம் வரும்: 'சத்தம் ரொம்ப மெல்லிசு.' ஒன்றரைக் கட்டையின் மந்தர ஸட்ஜம் சுமார் 69 ஹெர்ட்ஸ். போனுக்குள் இருக்கும் விரல்நகம் அளவு ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. எழுதினவர் என்ன செய்ய? மேல்ஸ்வரங்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டால், கீழே இல்லாத ஸட்ஜத்தைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். இது காதின் இயல்பு. அதைத் தெரிந்து வேலை செய்தவருக்கும் தெரியாதவருக்கும் ஸ்டோரில் ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரி வர்ணனை.

தாள ஆப் என்றால் கணக்கு இன்னும் விரியும். மேற்கத்திய மெட்ரோனோம் ஏழில் மிஸ்ர சாப்பையும் ஐந்தில் கண்ட சாப்பையும் எண்ணும். ஆனால் சாப்பின் நடை அதில் வராது. 35 தாளம், அதன்மேல் கதி பேதம் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சங்கீதக்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள், ஆனால் சுலபத்தில் திருப்தி அடைகிறவர்கள் அல்ல.

கையில் வருவது

இப்போது பணக்கணக்கு. இந்தியாவில் 499 ரூபாய் என்று போட்டால் அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம். வரி போக சுமார் 423. அதில் கடைக்காரரின் பங்கு. முன்பு 30 சதவீதமாக இருந்ததை, வருஷம் 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சின்னவர்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரி முதல் 15 ஆக்கியது. கூகுளும் அதே வருஷம் ஜூலையில் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 என்றது. அதுவும் போகக் கையில் சுமார் 359 ரூபாய். இதே கணக்கில் 99 ரூபாய் ஆப்புக்கு 71 ரூபாய் வரும்.

மாதம் ஒரு லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூர் வாடகைக்கு அது பேராசை அல்ல. 499 ரூபாய் என்றால் மாதம் 280 பேர் வாங்க வேண்டும். 99 ரூபாய் என்றால் 1,400 பேர். சினிமாப் பாட்டு ஆப்புக்கு 1,400 பேர் ஒரு பொருட்டே இல்லை. சுருதி ஆப்புக்கு, மாதா மாதம் புதிதாக 1,400 பாடகர்களை எங்கே போய்த் தேடுவது? கூட்டம் பெருகுவதால் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் விலையைக் குறைப்பார்கள். இங்கே பெருகக் கூட்டம் இல்லை. பாட்டு கற்றுக்கொள்ளாதவர் பத்து ரூபாய்க்குக் கொடுத்தாலும் தம்பூரா வாங்கமாட்டார்.

மலிவு விலைக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. தற்செயலாக வாங்குகிறவர்கள் வருவார்கள். 'இதில் பாட்டே இல்லையே' என்று எழுதிவிட்டுப் போவார்கள். 20 நல்ல விமர்சனம் மட்டுமே உள்ள ஆப்பில் இப்படி நாலு விழுந்தால் ரேட்டிங் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

கடல் கடந்தவர்களை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு இது. அமெரிக்காவில் 19.99 டாலர் வைத்தால் அங்கே விற்பனை வரி தனி. கடைக்காரர் பங்கு போகக் கிட்டத்தட்ட 17 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 1,440 ரூபாய்க்கு மேல். 70 பேர் வாங்கினால் அந்த ஒரு லட்சம் வந்துவிடுகிறது. நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் சனிக்கிழமைதோறும் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்குக் காரில் கொண்டுபோய் விடும் பெற்றோருக்கு 20 டாலர் ஒரு வகுப்புக் கட்டணம்கூட இல்லை. அவர்களிடம் 20 டாலர் வாங்கிக்கொண்டு மல்லேஸ்வரத்து மாணவியிடம் ஆறு டாலருக்குச் சமமாக வாங்குவது அநியாயம் என்று சிலர் கூசுகிறார்கள். கூச ஒன்றுமில்லை. ஸ்பாட்டிஃபை செய்வது அதைத்தான். நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்களும் ஜூம் வகுப்புக்கு அதைத்தான் செய்கிறார்கள்.

சந்தாவா, ஒரே தடவையா

கொஞ்ச காலமாக எல்லோரும் சந்தா, சந்தா என்கிறார்கள். மாதம் 49 ரூபாய், வருஷம் 399 என்று. தம்பூராவுக்கு மாதச் சந்தா கேட்பது எனக்கு ஒப்பவில்லை, வாங்குகிறவருக்கும் ஒப்புவதில்லை. தம்பூரா வீட்டில் இருக்கிற பொருள். அதற்கு வாடகை கேட்டால் எரிச்சல்தான் வரும்.

கற்றுக்கொடுக்கிற ஆப் என்றால் கதை வேறு. பெங்களூரின் மியூசிக்முனி லேப்ஸ் நடத்தும் 'ரியாஸ்' ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேர் பார்சிலோனாவில் இருக்கிறது. பொம்பெயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011 முதல் 2017 வரை நடத்திய 'காம்ப்மியூசிக்' ஆய்வு, கர்நாடக, ஹிந்துஸ்தானி இசைகளோடு துருக்கி மகாம், அரபு-அந்தலூசியம், பெய்ஜிங் ஓபரா என ஐந்து மரபுகளைக் கணிப்பொறி எப்படிக் கேட்க வேண்டும் என்று ஆராய்ந்தது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் இங்கே வந்து தொடங்கிய நிறுவனம் இது. நாம் பாடப் பாடச் சுருதி எங்கே விலகுகிறது என்று திரையில் கோடாகக் காட்டும். பாடம் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். சந்தா கேட்பதில் அர்த்தம் உண்டு. அது நிறுவனம், சம்பளப் பட்டியல் உள்ளது. தனியாள் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

நடைமுறையிலும் சந்தாவுக்கு நம் நாட்டில் ஒரு பள்ளம் உண்டு. கார்டிலிருந்து மாதா மாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தன. பணம் எடுக்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும், முதலில் ஒப்புதல் பதிய வேண்டும் என்று பல. வாடிக்கையாளருக்கு நல்ல விதி. ஆனால் அதை ஒட்டி 2022இல் ஆப்பிள் இந்தியக் கார்டுகளை வாங்குவதையே நிறுத்தி, யு.பி.ஐ., நெட் பேங்கிங், முன்கூட்டி ஏற்றிய பாக்கித் தொகை என்று மாற்றியது. ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் பல சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தன. ஒரே தடவைப் பணம் என்றால் யு.பி.ஐ.யில் ரகசிய எண்ணை அடித்தோம், முடிந்தது.

நடுவழி ஒன்றுக்கு ஜாஸ் உலகில் நல்ல உதாரணம் இருக்கிறது. மாசிமோ பியோல்காட்டி, டபுள் பேஸ் வாசிப்பவர். ஜாஸ்காரர்கள் பாட்டின் ஸ்வரக்கூட்டு (கார்ட்) வரிசையைப் புத்தகமாகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். அதை 2008இல் போனுக்குள் கொண்டுவந்தார். அதுவே பின்னால் 'ஐரியல் ப்ரோ' ஆனது. பின்னணி வாத்தியமும் கூடச் சேர்ந்து வாசிக்கும். ஆப்புக்கு ஒரே தடவை விலை, அதுவும் 99 சென்ட் அல்ல. கூடுதல் பாணிகள் வேண்டுமென்றால் தனியாகக் கட்டு கட்டாக வாங்கிக்கொள்ளலாம். வாசிக்கிறவரே எழுதியது என்பது அதன் ஒவ்வொரு பொத்தானிலும் தெரியும்.

டீச்சர் சொன்னால் சரி

விலையைத் தீர்த்தாயிற்று; விற்பது எப்படி? பேஸ்புக்கில் காசு கொடுத்து விளம்பரம் போடுவது தனியாளுக்குக் கட்டாது. ஒருவரை ஆப் வரை இழுத்துவரும் செலவு, அவர் கொடுக்கும் 359 ரூபாயைத் தாண்டிவிட்டால் விற்க விற்க நஷ்டம். நம் ஊரில் சங்கீதப் பொருள் எதுவும் ஒரே வழியில்தான் விற்கும்: பாட்டு டீச்சர் சொல்ல வேண்டும். எந்தக் கட்டை வைப்பது, எந்த வர்ணம் அடுத்தது, எந்தக் கடையில் வீணை வாங்குவது எல்லாம் டீச்சர் சொல்படிதான். ஜெயநகர் நாலாவது பிளாக்கில் ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், அந்த 30 வீட்டுக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. டீச்சர் அதில் ஒரு வரி போட்டால் அன்று மாலைக்குள் பத்துப் பேர் வாங்கிவிடுவார்கள். அவர் போடாவிட்டால் வேறு யார் சொல்லியும் பயனில்லை.

இதற்கு ஸ்டோரே ஒரு கருவி கொடுத்திருக்கிறது, பலர் தொடுவதில்லை. ஆப்பின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஆப்பிள் 100 இலவசக் குறியீடு தருகிறது. கூகுள் மூன்று மாதத்துக்கு 500. இவற்றை இணையத்தில் வாரி இறைக்காமல் 100 டீச்சருக்குக் கொடுத்தால் போதும். விற்றதில் பங்கு தருகிறேன் என்று மட்டும் டீச்சரிடம் பேசக்கூடாது. அவர் வார்த்தைக்கு மதிப்பு இருப்பதே அது விலைக்கு வராதது என்பதால். அவர் கேட்பதும் காசு அல்ல. 'ரூபகத்துல எடுப்பு காட்டுமா?' என்று கேட்பார். அடுத்த பதிப்பில் அதைச் செய்து கொடுங்கள்; அவர் வேறு ஆப்பைத் தேடமாட்டார்.

தானாகத் தேடி வருகிறவர்களும் உண்டு. அங்கே கூத்து வேறு. ஐபோன் ஸ்டோரில் தேடுசொற்களுக்கு மொத்தம் 100 எழுத்துதான் இடம், பெயருக்கு 30. 'சுருதி'யை ஆங்கில எழுத்தில் தமிழரும் கன்னடரும் 'டி'க்குப் பின்னால் ஒரு 'எச்' போட்டு எழுதுவோம், வடக்கே போடமாட்டார்கள். முதலெழுத்துக்குப் பின்னால் 'எச்' உண்டா இல்லையா என்பதில் இன்னொரு கட்சி. ஆக நாலு எழுத்துக்கூட்டல். தம்பூராவுக்கு அதைவிட அதிகம். வடக்கத்தித் தான்பூரா தனி. இரண்டு சொல்லுக்கே 100 எழுத்தில் பெரும்பகுதி போய்விட்டால், தாளம், வீணை, சாதகம் எல்லாம் வெளியே நிற்கும். எதை விடுவது என்பது, எந்த ஊர்க்காரரை வாடிக்கையாளராக எடுத்துக்கொள்வது என்ற முடிவும்தான். பெங்களூரில் இருப்பவருக்கு அது சங்கடமான முடிவு. இந்த ஊரில் கர்நாடக சங்கீதமும் ஹிந்துஸ்தானியும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

காலமும் பார்க்க வேண்டும். விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேரும் வாரம்தான் பெரிய வாரம். கோடை விடுமுறை இரண்டாவது. மார்கழியில் எல்லோரும் கேட்கப் போய்விடுவதால் சாதகம் குறைவு என்பது என் ஊகம். விற்பனைக்கு ஆசைப்பட்டு டிசம்பரில் பாதி விலை போடுகிறவர்கள் நவம்பரில் முழு விலை கொடுத்தவரின் வயிற்றெரிச்சலைத்தான் கொட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1978 முதல் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்கு முந்திய மாதங்களில் அங்கே பிள்ளைகள் போட்டிக்குத் தயாராவார்கள். அது வேறொரு சீசன்.

கடை யாருடையது

இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூறு போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு. காசு கொடுத்து ஆப் வாங்கும் பழக்கமோ ஐபோன்காரருக்குத்தான் அதிகம். இசை ஆப் எழுதுகிறவருக்கு இதில் தொழில்நுட்பக் கஷ்டமும் சேர்கிறது. பாடுவதைக் கேட்டு உடனே பதில் சொல்ல வேண்டிய ஆப்பில் சில மில்லிவினாடித் தாமதம்கூட உறுத்தும். நூறு கம்பெனி ஆண்ட்ராய்டு போனில் நூறு விதத் தாமதம். புனேயில் பண்டிட் ஜஸ்ராஜின் சிஷ்யர் சந்தீப் ரானடே தனியாளாக எழுதிய 'நாத்சாதனா' ஆப்பிள் கருவிகளிலேயே வளர்ந்தது. பாடகரின் குரலைக் கேட்டுக்கொண்டே தம்பூரா, தபலா, ஹார்மோனியம் எல்லாம் அதற்கேற்ப வாசிக்கும். 2021இல் புதுமைப் பிரிவில் ஆப்பிள் டிசைன் விருது அதற்குக் கிடைத்தது. தனியாள் ஒருவர், அதுவும் நம் சங்கீதத்துக்கு மட்டுமே பயன்படும் ஆப்புக்காக, அந்த மேடைக்குப் போனது சின்ன விஷயமல்ல.

ஆண்ட்ராய்டுக்குப் போகத்தான் வேண்டும். போகும்போது இரண்டு விதியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. பிளே ஸ்டோரில் ஒருமுறை இலவசம் என்று வெளியிட்ட ஆப்பைப் பின்னால் விலைக்கு மாற்ற முடியாது. 'முதலில் ஓசியில் கொடுப்போம், பழகட்டும்' என்று ஆரம்பித்தவர்கள் அங்கே சிக்கியிருக்கிறார்கள். பிறகு ஆப்புக்கு உள்ளேதான் எதையாவது பூட்டி விற்க வேண்டும். இன்னொன்று, புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகே வெளியிட முடியும். இது பாட்டு வகுப்பில் சேர்ந்திருப்பதன் எதிர்பாராத லாபம்; 12 பேர் அங்கேயே கிடைப்பார்கள். காசு வாங்கும் தனிநபரின் முகவரியைக் கடை எல்லோருக்கும் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். வீட்டு விலாசத்தை ஊருக்கே எழுதிப் போட மனமில்லாதவர்கள் அதற்காகவே கம்பெனி பதிகிறார்கள்.

கடைக்காரரோடு சண்டை போடும் நிலையில் தனியாள் இல்லை. 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில், சென்னையின் பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பெரிய ஆப்களையே கூகுள் கடையிலிருந்து எடுத்துவிட்டது. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பி வந்தன. சுருதி ஆப்புக்காக எந்த அமைச்சரும் பேசப்போவதில்லை. இதற்கு மாற்று, கணிப்பொறியில் ஓடும் பதிப்பு ஒன்றைத் தன் தளத்திலேயே விற்பது. பெங்களூரின் ரேசர்பே போன்றவர்கள் வழியாகப் பணம் வாங்கினால் இரண்டு சதவீதச் சொச்சத்தோடு முடிந்துவிடும். வாங்குகிறவர் குறைவு, ஆனால் அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். பெயரும் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கும்.

விலை போடும்போது யாரும் நினைக்காதது கடைசியாக. 'ராகினி' பெட்டியை விற்ற அன்றோடு விற்றவரின் வேலை முடிந்தது. பழுதானால் பளேபேட்டையில் கொடுத்துச் சரிசெய்யலாம், அதற்குக் காசும் வாங்கலாம். ஆப்பை விற்றவருக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஐபோனுக்குப் புதிய மென்பொருள் வரும். புளூடூத்தோ ஒலி அமைப்போ ஏதாவது ஒன்று உடையும். பிளே ஸ்டோரில் வருஷா வருஷம் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வராவிட்டால், புதுப் போன் வாங்கியவர் தேடினாலும் ஆப் கண்ணில் படாது. ஆப்பிளுக்கு வருஷம் 99 டாலர் கட்டணம் வேறு. பழைய வாடிக்கையாளரிடம் மேம்படுத்தலுக்குக் காசு கேட்கவும் இரண்டு கடையிலும் நேரான வழி இல்லை. 2015இல் ஒரு தடவை கொடுத்த பணத்துக்கு இன்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அதனால்தான் 'ஐரியல் ப்ரோ' போலக் கட்டு கட்டாக விற்கும் முறையை நான் சிபாரிசு செய்வேன். தம்பூராவும் அடிப்படைத் தாளங்களும் 499க்கு, எப்போதைக்கும். கஞ்சிரா, கடம் வேண்டுமா, அதற்குத் தனியாக 149. ஒரு பெரிய தஞ்சாவூர்த் தம்பூராவின் புதிய பதிவு வேண்டுமா, அதற்கு 199. வேண்டாதவர் வாங்க வேண்டாம். பழைய ஆப் அப்படியே ஓடும். வேண்டியவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாங்கினால், அந்த வருஷாந்தர வேலைக்குக் கூலி வந்துவிடும்.